இருட்டில் அரைமணி நேரம்

எங்கள் ஆய்வகத்தில் ‘காணோம்’ என்று, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. பேனாவைக் காணோம், சாவியைக் காணோம், குளிர்பெட்டியில் வைத்த தயிர்சாதத்தைக் காணோம், எதுவாக இருந்தாலும் கைவேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்.

“எங்க போச்சு?”

“அதாண்ணே தெரியல. காணோம்.”

“காணோம்னா ஒன் கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான் லா. அது எங்கியோ இருக்கு. எங்கன்னு கேளு.”

தயிர்சாதம் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் வயிறு என்று தெரியும்வரை அவர் விடமாட்டார். இந்தக் குணத்துக்காகவே அவரோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் பலர் பயந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். எனக்கும் வாய் நீளம் என்பதால் பொருத்தம் சரியாக இருந்தது.

ஒரு தைப்பூசத்தின்போது கல்லுமலைக் கோயில் வாசலில் அவருடைய செருப்பு போய்விட்டது. கோயிலில் செருப்பு தொலைந்தால் நம்மைப் பிடித்த பீடை தொலைந்தது என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போவதுதானே நம் வழக்கம்? நானும் அதைத்தான் சொன்னேன். அவர் கொதிக்கும் தார்ச்சாலையில் கால் மாற்றி மாற்றி நின்றபடி, “பீடை எங்க போச்சு? என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போனவன் வீட்டுக்கா? பாவம், அவனுக்கு என்னா தெரியும்?” என்று கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கச்சாங் பூத்தே கடலை விற்கிறவர், பால்குடம் எடுத்து வந்தவர் என்று எதிரே வந்த ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டே கார் வரைக்கும் நடந்தார்.

மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு கல்லூரியில்தான் எங்கள் வேலை. நான் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிறவள். அவர் தூள் செய்கிறவர். அந்தத் தூளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

கோழிக்கும் வாத்துக்கும் மீனுக்கும் நோய் வராமலிருக்கத் தீவனத்தில் கிருமிக்கொல்லி மருந்து கலக்கிறார்கள். தின்ற மருந்தில் பெரும்பகுதி உடம்பில் தங்காமல் எச்சத்தோடு வெளியேறி ஓடைக்கு வந்துவிடுகிறது. ஓடையில் இருக்கும் அளவு கிருமிகளைக் கொல்லாது. ஆனால் மருந்துக்கு அவற்றைப் பழக்கிவிடும். பழகிய கிருமி நாளைக்கு மனிதன் உடம்பில் நுழைந்தால் எந்த ஊசிக்கும் அடங்காது. அண்ணன் செய்த தூளின் வேலை அந்த மருந்தைத் தண்ணீரிலேயே உடைப்பது. வெளிர் மஞ்சள் நிறம், ஒவ்வொரு துகளும் நுண்ணோக்கிக்கே தண்ணி காட்டும் அளவுக்குச் சிறியது. வெளிச்சம் பட்டால் அது விழித்துக்கொண்டு மருந்தைத் துண்டு துண்டாக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் வெறும் மண்.

ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. இருட்டில்கூட மருந்தை இழுத்துத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீரை எடுத்து இயந்திரத்தில் வைத்தால் மருந்து இல்லை என்றுதான் காட்டும். உடைந்திருக்காது, ஒளிந்திருக்கும். அதனால் விளக்கைப் போடுவதற்கு முன்னால் அரைமணி நேரம் இருட்டில் கலக்க வேண்டும். ஒட்டுவதெல்லாம் ஒட்டி முடியட்டும், அதற்குப் பிறகு குறைவதுதான் வெளிச்சம் செய்த வேலை. அவசரக்காரர்கள் இந்த அரைமணியை விழுங்கிவிடுவார்கள். விழுங்கினால் முடிவு அழகாக வரும், கைதட்டலும் கிடைக்கும்.

அவர் ஒருநாளும் விழுங்கியதில்லை. கறுப்புச் சாயம் பூசிய பெரிய பிஸ்கட் டின்னைக் கண்ணாடிக் குவளைமேல் கவிழ்த்துவிட்டு, போதாதென்று அறை விளக்குகளையும் அணைத்துவிடுவார். குவளைக்குள் சுழலும் காந்தக் குச்சி கண்ணாடியில் தட்டும் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அந்த அறையில் வேலை இருந்தால் நானும் இருட்டில்தான் உட்கார வேண்டும்.

“டின் இருக்குல்லண்ணே, லைட்ட வேற எதுக்கு அணைக்கிறீங்க?”

“டின்னுல ஓட்ட இருந்தா?”

“இருக்கா?”

“இல்ல. ஆனா இருந்தா?”

அந்த இருட்டில்தான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். முகம் தெரியாததால் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய குடும்பம். இவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறார். திரும்பவில்லை. விபத்து என்று போலீஸ் வரவில்லை. சிங்கப்பூரில் பார்த்தோம் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

“எல்லாரும் காணோம் காணோம்னு அழுதாங்க. அம்மா கொஞ்ச நாள்ல அதோடயே போய்ச் சேர்ந்துட்டாங்க. எங்கக்காதான் படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போயி என்னய வளத்துச்சு. அதுவும் சரி, இன்னைக்கு வரைக்கும் அவரு எங்க போனாருன்னு ஒரு வார்த்த கேக்கல. காணோம்னு சொல்லி முடிச்சிட்டாங்க.”

“நீங்க கேட்டீங்களாண்ணே?”

 அவர் எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

அந்தத் தோட்டத்தில் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனையில் பாதி போய் வீட்டுமனைகள் வந்துவிட்டன. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய லயத்தில் சில குடும்பங்கள் மட்டும் இன்னும் அசையாமல் இருக்கின்றன. அவருடைய அக்காவும் அதில் ஒருவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பி ஈப்போவில் வீடு வாங்கிக் கூப்பிட்டும் வரவில்லை. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் மலை ஓடையிலிருந்து ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் எடுப்பார்கள். ஓடைக்கு மேலே ஒரு கோழிப்பண்ணை வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை நானே சோதித்துப் பார்த்தேன். மருந்தும் இருந்தது, மருந்துக்குப் பழகிய கிருமியும் இருந்தது.

எங்கள் ஆய்வகத்துப் பேராசிரியருக்கு அது ஆராய்ச்சிக்கு நல்ல இடம். அண்ணனுக்கு அது அக்கா கை நனைக்கிற தண்ணீர். அக்காவுக்கு இனிப்புநீர் நோய் வேறு. காலில் செம்பனை முள் குத்திய புண் ஒன்று ஆறாமல் இருந்தது. “நம்ம தூளு மொதல்ல அங்கதான் போவுது,” என்றார். பழைய ஸ்டோரில் கிடந்த, ரப்பர் பால் உறையவைக்கிற அலுமினியத் தட்டுகளை எடுத்து ஒட்டினார். தூள் பூசிச் சுட்ட கூழாங்கற்களைப் பரப்பி, தண்ணீர் மெல்லிய ஏடாக வெயிலில் ஓடும்படி சாய்த்துத் தொட்டி ஒன்றைக் கட்டி முடித்தார். லயத்து ஆட்கள் அதற்குக் குங்குமம் வைத்து ஒரு மாலையும் போட்டார்கள்.

“என்னாடா, மஞ்சத்தூளக் கல்லுல பூசி வச்சிருக்க?” என்று அக்கா கேட்டார்.

“மஞ்சத்தூளு இல்லக்கா. மருந்தத் திங்கிற தூளு. வெயிலு பட்டா திங்கும்.”

“அப்ப மழைக்காலத்துல பட்டினியா கெடக்குமா?”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமே நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. மாவட்டம் தாண்ட முடியாது, சாலையெல்லாம் போலீஸ் தடுப்பு. தொட்டிக்குப் போய்ப் பார்க்க வழியில்லை. ஈப்போ பாசாருக்குக் காய்கறி ஏற்றிவர அனுமதி வாங்கிய லாரிக்காரர் ஒருவர் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தார். தொட்டியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை அக்கா போத்தலில் பிடித்து அவரிடம் கொடுத்தனுப்புவார். போத்தலில் வெயில் பட்டால் மிச்சமிருக்கும் மருந்து வழியிலேயே உடைந்துவிடும், தொட்டி செய்த வேலை எது, வழியில் நடந்தது எது என்று தெரியாது. அதனால் இவர் தொலைபேசியில் கத்தாத குறையாகச் சொல்வார்.

“அக்கா, வெளிச்சமே படக்கூடாது. மூடு. நல்லா மூடி வை. கொஞ்சம் வெயில் பட்டாலும் எல்லாம் வீணாப் போயிரும்.”

போத்தலைத்தான் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டவள் நான். போத்தல்கள் ஈயத்தாள் சுற்றி, அதன்மேல் கறுப்புத் துணி சுற்றி, நூலால் கட்டி வரும். அவிழ்க்கவே நேரம் பிடிக்கும். இவ்வளவு சிரத்தையான உதவியாளர் எங்கள் கல்லூரியில் ஒருவரும் இல்லை.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. இயந்திரத்தின் திரையில் மருந்து இருந்தால் கோடு மேடாக எழும். மேடே இல்லை. “சுத்தமா காணோம்ணே!” என்று நான் வேண்டுமென்றே சீண்டினேன். அவர் திரையையே பார்த்தார். பேராசிரியர் வீட்டிலிருந்தபடியே கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். தம்பி தண்ணீரைச் சுத்தமாக்கிவிட்டான் என்று அக்காவுக்குச் செய்தி போனது. அதற்குப் பிறகு அவர் புண்ணையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவ ஆரம்பித்தார்.

கட்டுப்பாடு தளர்ந்த சமயத்தில் வந்த போத்தலில் சின்னதாக ஒரு மேடு. அடுத்ததில் கொஞ்சம் பெரிதாக. இயந்திரக் கோளாறு என்றார் பேராசிரியர். அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை.

“திரும்பி வருது,” என்றார்.

“என்னாண்ணே?”

“ஒடஞ்சிருந்தா திரும்பி வராதுலா. எங்கியோ ஒக்காந்திருக்கு.”

மறுநாள் நானும் அவரும் அங்கே போனோம்.  லயத்துக்குப் பின்பக்கம் போனபோது தொட்டியைக் காணவில்லை. அங்கே ஒரு கொட்டகை இருந்தது. புதுத் தகரக் கூரை, நான்கு பக்கமும் கறுப்பு வலைத்துணி, ஓரங்களில் செங்கல் வைத்து இறுக்கி, கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னத் திறப்பு. அக்கா காலில் கட்டுப்போட்டபடி நொண்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியாடா? ஒரு பொட்டு வெயில் விழாது. தூசி இல்ல, எல இல்ல. எல்லாரும் சேந்து போட்டோம்.”

“எப்பக்கா போட்டீங்க?”

“நீ போன் போட்டு மூடு மூடுன்னு சொன்னீல்ல, அந்த வாரமே.”

அப்படியானால் எங்களுக்கு வந்த எல்லாப் போத்தலும் இருட்டிலிருந்து வந்தவை. அத்தனை மாதத்து மருந்தும் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து, இனி ஒட்ட இடமில்லாமல் வெளியே வர ஆரம்பித்திருக்கிறது.  அவர் தகரத்தைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு பிய்த்தார், கை கிழிந்து ரத்தம் வந்தது, வலைத்துணியையும் இழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, “என்னா தம்பி, பைத்தியமா? நாங்க தூக்கிட்டு வந்து போட்ட தகரம்லா,” என்று சத்தம் போட்டார். அக்கா அழுதார். வெயில் கற்களின்மேல் விழுந்தபோது எல்லாவற்றையும் வழவழவென்று ஒரு படலம் மூடியிருந்தது தெரிந்தது.

“இனிமே மூடாத. இதுல கால் கழுவாத,” என்று மட்டும் சொன்னார்.

“ஏண்டா? நான் என்னாடா பண்ணேன்?”

அவர் கற்களை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு காருக்கு வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

“அவங்ககிட்ட வெவரமா சொல்லிட்டு வாங்கண்ணே. போத்தலைத்தானே நீங்க சொன்னீங்க.”

“அவளுக்கு எப்படித் தெரியும்? போத்தலுக்கு ஆவாத வெயிலு தொட்டிக்கும் ஆவாதுன்னுதான நெனைப்பா? நாந்தான் மூடுன்னேன்.” கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “இப்பப் போயி சொன்னா, தன் தண்ணியத் தானே கெடுத்துக்கிட்டோம்னு சாவுற வரைக்கும் நெனப்பா. சொல்லவேணாம். நீயும் சொல்லாத.”

அந்தப் படலத்தை நான் வளர்த்துப் பார்த்தேன். கிருமியைத் தட்டில் பரப்பி நடுவில் மருந்து வில்லையை வைத்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழ வேண்டும், அங்கே கிருமி வளரக்கூடாது. ஒன்றைச் சுற்றியும் வட்டம் விழவில்லை. வில்லையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வளர்ந்திருந்தது. தட்டை அவரிடம் காட்டினேன். ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

அதே சமயத்தில் அக்காவின் புண் காலுக்குள் ஏறிவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி மருந்து ஏற்றினார்கள், கிருமி அடங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தொட்டிக் கிருமிதான் புண்ணில் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இனிப்புநீர் ஒன்றே போதும், ஓடைத் தண்ணீர் போதும், கட்டுப்பாட்டுக் காலத்தில் கிளினிக்குப் போகாமல் இருந்தது போதும். எது காரணம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை அவரிடம் பலமுறை சொன்னேன்.

“இருக்கலாம்,” என்பார். “ஆனா எங்கேருந்து வந்துச்சு?”

அறுவை முடிந்து அக்கா மயக்கம் தெளிவதற்கு முன்பே அவர் நர்ஸிடம் போய், “காலை எங்க கொண்டு போனீங்க?” என்று கேட்டார். நான் நெளிந்தேன். நர்ஸ் நிதானமாக, குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். கேட்டு வாங்கினார். வெள்ளைத் துணி சுற்றியிருந்ததை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் வந்தார். நான்தான் ஓட்டினேன். பழைய தோட்டத்து இடுகாட்டில், அவருடைய அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி வைத்தார். மண்ணைத் தள்ளி முடித்து, உள்ளங்கையால் தட்டி, “இது இங்கதான் இருக்கு,” என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. 

அதற்குப் பிறகு அவர் அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வாரங்களில் ஆய்வகத்தில் அவர் ஒருவரையும் எதையும் கேட்கவில்லை. பையன் ஒருவன் ‘சாவியைக் காணோம்’ என்று அவர் முன்னாலேயே சொன்னான். அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும்.

ஒரு காலையில் நான் வந்தபோது அறை இருட்டாக இருந்தது. டிக் டிக் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே இருக்கிறார், விளக்கைப் போட்டால் திட்டுவார் என்று நானும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்துகொண்டேன். அரைமணி கழிந்தது, இன்னும் கொஞ்ச நேரமும் கழிந்தது. கூப்பிட்டேன். எழுந்து விளக்கைப் போட்டேன். பிஸ்கட் டின்னுக்குள் குச்சி சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. குவளையில் இருந்தது வெறும் தண்ணீர், தூளும் இல்லை மருந்தும் இல்லை. போன் எண் உபயோகத்தில் இல்லை என்றது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தார்.

லூமுட்டில் படகுத்துறையில் பார்த்தேன் என்றார் ஒருவர். சித்தியவானில் இறால் பண்ணையில் இருப்பதாக இன்னொருவர். போய்ப் பார்த்தேன், இல்லை. இப்போது இருட்டு அரைமணியை நான்தான் நடத்துகிறேன். குச்சி கண்ணாடியில் தட்டும்போது பக்கத்து நாற்காலியில் யாரோ மூச்சுவிடுவது கேட்கும். அறிவியல் படித்தவள்தான், இருந்தாலும் அந்தப் பக்கம் கையை நீட்டிப் பார்த்திருக்கிறேன்.

பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். எதையும் காணோம் என்று சொல்லவிடாத மனுஷன், தன் அப்பா செய்ததையே அக்காவுக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். கண்டால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் முறுக்கு வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்வாசல் திறந்திருந்தது, தொட்டி தெரிந்தது. கூரை இல்லை, தண்ணீரும் இல்லை. தட்டுகளில் ஒரு சருகுகூட இல்லை.

“தெனமும் கூட்டுறேன்மா. மூடாதன்னு சொன்னான், அதான் மூடல. மழ வந்தாலும் அப்படியே விட்டுர்றேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அவன் ஒன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?”

சொல்லாதே என்று அவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. “ஒண்ணும் சொல்லலக்கா,” என்றேன்.

“நீயும் மறைக்காதம்மா. எனக்குத் தெரியும். வெயிலு பட்டாதான் திங்கும்னு மாலை போட்ட அன்னைக்கே சொன்னான். பட்டினியா கெடக்குமான்னு நாந்தான கேலி பண்ணேன்? அவன் தகரத்தப் பிச்சு எறிஞ்சப்பவே புரிஞ்சிருச்சு. போத்தலைத்தான் மூடச் சொல்லியிருக்கான், நான் தொட்டியவும் சேத்து மூடிட்டேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னு வாசல்லயே நின்னு நின்னு போனான். அவன் மூஞ்சியப் பாத்து நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.”

 வெட்டிய காலின் முனையைக் கையால் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னார்.

“கால் போனது போவட்டும். எங்கப்பாவத் தேடாம விட்டது மாதிரி இவன விட முடியாது. எங்க போனான்னு கேளும்மா. கேட்டுக்கிட்டே இரு. பாத்தா, அக்காவுக்கு அன்னைக்கே தெரியும்னு சொல்லு. மறைக்க ஒண்ணுமில்ல, வரச் சொல்லு.”

அதனால்தான் பெயர் போடாமல் இதை எழுதினேன். படிக்கிறவர்களில் ஒருவருக்கு மட்டும் இது யாரென்று தெரியும். அண்ணே, அக்காவுக்கு எல்லாம் தெரியும். தொட்டி திறந்துதான் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள்?